நூலகப் பேராசான் இரங்கநாதன்

மணற்கேணியைத் தோண்டுந்தோறும் நீர் சுரப்பது போல, மாந்தர்க்குக் கற்குந்தோறும் அறிவு சுரக்கும் என்பது வள்ளுவப் பெருந்தகையார் காட்டிய உவமையாகும். கிணற்றை நம்பியே வாழும் யாழ்ப்பாணத்து மக்களுக்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், தோட்டஞ் செய்பவன் மற்றுமோர் உண்மையையும் அறிவான். கிணற்றில் நீர் ஊறினால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. இறைக்கும் இயந்திரங்கள் வருமுன் துலா மிதிப்பதற்கு ஒருவன் வேண்டும். பட்டையைப் பிடித்து நீரைச் சரிப்பதற்கு ஒருவன் வேண்டும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவதற்கு இன்னுமொருவன் வேண்டும். இம்மூவரும் இல்லாத தோட்டத்தில் கிணறு நிறைந்திருக்கும், பயிர் வாடிக்கிடக்கும்.

நூலகமும் அத்தகையதே. அலுமாரிகள் நிறைய நூல்கள் இருந்தும், அவற்றை வாசகர் கையிற் சேர்ப்பார் இல்லாவிடின், அந்நூலகத்தாற் பயன் யாது? இவ்வினாவையே தம் வாழ்நாள் முழுவதும் கேட்டு, அதற்கு விடையாகத் தம் வாழ்வையே அமைத்துக்காட்டியவர் சீர்காழி இராமாமிர்த இரங்கநாதன் அவர்கள். இந்திய நூலக இயக்கத்தின் தந்தையெனப் போற்றப்படும் அப்பெரியாரின் வரலாற்றை எமது கல்லூரியின் இவ்விழா மலரில் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவோம்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ஈழத்துத் திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் பாடிப் பரவிய திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் அவதரித்த பதி சீர்காழி. அப்பதியே இரங்கநாதன் அவர்களுக்கும் ஊராகும். தஞ்சை மாவட்டத்தில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்தார். சீர்காழியிலுள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியிற் கல்வி பயின்று, பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்து, கணிதத்தில் எம். ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிற் பயிற்சியும் பெற்றார். பேசும்போது நாத்தடுமாறும் குறை அவருக்கு இளமையில் இருந்தது. ஆயினும் அவர் நாடியது வகுப்பறையையே.

1917ஆம் ஆண்டு முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். ஆசிரியத் தொழிலில் அவருக்கிருந்த விருப்பம் மிகப் பெரிது. அவர் நூலகத்தைத் தேடிச் சென்றவரல்லர். நூலகமே அவரைத் தேடி வந்தது என்பதை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

வேண்டா வெறுப்பாய் ஏற்ற பதவி

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு முழுநேர நூலகர் ஒருவரை முதன்முதலாக நியமிக்க எண்ணியது. நண்பர்கள் தூண்ட, இரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகத் தொழிலில் எவ்விதப் பயிற்சியும் அவருக்கு இருந்ததில்லை. நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுமுன் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, நூலகம் பற்றிய கட்டுரையை வாசித்துக்கொண்டு சென்றார் என்பர். 1924ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அப்பதவி அவருக்குக் கிடைத்தது.

பதவியேற்ற சில நாட்களிலேயே அவர் மனம் சோர்ந்தது. நேற்றுவரை மாணவர் குரலால் நிறைந்த வகுப்பில் நின்றவர், இன்று வருவார் போவாரற்ற மண்டபத்தில் நூல்களுக்கிடையே தனித்திருந்தார். அத்தனிமை அவருக்குச் சிறைவாசம் போலத் தோன்றியது. மீண்டும் கணிதம் கற்பிக்கவே போய்விடுகிறேன் என்று மேலோரிடம் முறையிட்டார். அவர்கள் ஓர் உபாயங் கூறினர். இலண்டன் மாநகர் சென்று நூலகக் கல்வி பெற்று வருக. வந்தபின்னும் இத்தொழில் பிடிக்காவிடின் கணிதப் பதவி உமக்காகக் காத்திருக்கும் என்றனர். இந்த உடன்பாட்டின்மேல் அவர் கப்பலேறினார்.

நூல்கள் இருந்தும் வாசகர் இல்லாத மண்டபம் எவ்வாறிருக்கும் என்பதை அவர் தம் உள்ளத்திலே பட்டறிந்தமை பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்தாயிற்று என்றே நாம் கருதுகிறோம். நூலகத்தை இயல்பாக விரும்பிய ஒருவருக்கு அதன் வெறுமை தெரிந்திராது. வகுப்பறையை விட்டு வந்த ஆசிரியருக்கே அது தெரிந்தது.

இலண்டனிற் கண்ட காட்சி

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சிப் பகுதியில் அவர் சேர்ந்தார். அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர் குறோய்டன் நகரப் பொதுநூலகத்தின் தலைமை நூலகராகவும் இருந்த பேர்விக் சேயர்சு என்பவர். ஏட்டுக் கல்வியோடு நின்றுவிடாது, இங்கிலாந்தின் பல பாகங்களுக்குஞ் சென்று நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை இரங்கநாதன் நேரிற் கண்டார்.

அக்காட்சி அவர் கண்களைத் திறந்தது. அங்கே நூலகம் கற்றோர் சிலருக்கென ஒதுக்கப்பட்ட மாளிகையாக இருக்கவில்லை. சிறுவர்க்கெனத் தனியறை இருந்தது. தொழிலாளர் வேலை முடிந்து வந்து வாசித்தனர். இல்லத்தரசியர் நூல் எடுத்துச் சென்றனர். நகர மக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் நூலகம் நகர மக்கள் யாவர்க்கும் உரியதாய் இருந்தது. தெருவிளக்கும் குடிநீரும் போல நூலும் ஊராட்சி வழங்க வேண்டிய பொருளே என்ற எண்ணம் அங்கு வேரூன்றியிருந்தது. எனினும், அந்நூலகங்களில் நூல்களை வகைப்படுத்திய முறைகள் ஒன்றோடொன்று பொருந்தாது குழம்பியிருந்தமையையும் அவருடைய கணித மனம் கண்டுகொண்டது.

ஒருநாள் செல்பிரிட்சு என்னும் பெருங்கடையில் சிறுவர் விளையாட்டுப் பொருளொன்றை இயக்கிக் காட்டினர். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகிய சில உறுப்புக்களைக் கொண்டே ஒருகால் வண்டியும், ஒருகால் பாலமும், ஒருகால் பாரந்தூக்கியும் அமைத்தனர். மெக்கானோ என்பது அவ்விளையாட்டுப் பொருளின் பெயர். உறுப்புக்கள் சில, அவற்றைப் பொருத்தும் வகைகளோ எண்ணில. நூல்களின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து வேண்டியவாறு இணைக்கலாகாதோ என்று அவர் சிந்தித்தார். தாயகம் திரும்பும் கப்பலிலேயே தம் புதிய பகுப்பு முறைக்குத் தொடக்கமிட்டார். 1933ஆம் ஆண்டில் அது கோலன் பகுப்பு முறை என்னும் பெயரில் நூலாக வெளிவந்தது. கோலன் என்பது முக்காற்புள்ளி. கூறுகளை இணைக்கும் திருகாணியாக அப்புள்ளியே அம்முறையிற் பயன்பட்டது.

மாணவர் விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஓர் உதாரணங் கூறுவோம். யாழ்ப்பாணத்தில் வெங்காயப் பயிரைத் தாக்கும் நோய்களும் அவற்றைத் தடுக்கும் வழிகளும் என்று ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். அதனை எங்கே வைப்பது? வேளாண்மை என்ற பெருந்தலைப்பில் வைத்தால் ஆயிரம் நூல்களுக்கிடையே அது மறைந்துபோம். வேளாண்மை என்னுந் துறை, வெங்காயம் என்னும் பயிர், நோய் என்னும் இடர், தடுத்தல் என்னுஞ் செயல், யாழ்ப்பாணம் என்னும் இடம் என இப்பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு குறியீடு கொடுத்து, அவற்றை முறைப்படி இணைத்தால், அந்நூலுக்கு உலகில் ஒரேயோர் இடமே கிடைக்கும். தேடி வருபவனும் அதே வழியால் அதனைச் சென்றடைவான். இன்று பெரும்பாலான நூலகங்கள் வேறு பகுப்பு முறைகளையே கையாளுகின்றன. ஆயினும், பொருளைக் கூறுகளாக்கிப் பகுக்கும் அவர் சிந்தனை உலகெங்கும் நூலகக் கல்வியின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

1925ஆம் ஆண்டில் அவர் சென்னை மீண்டார். கணித ஆசிரியர் பதவியை அவர் பின்னர் நாடவேயில்லை.

ஐந்து விதிகள்

மீண்டு வந்த இரங்கநாதன் முதலிற் செய்தது நூல்களை வாசகர்க்குத் திறந்துவிட்டதேயாகும். வாசகர் நேரே சென்று தட்டிலிருந்து நூலை எடுத்துப் பார்க்கும் முறையைப் பல்கலைக்கழக நூலகத்திற் புகுத்தினார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். வருவோரை எதிர்கொண்டு அவர்க்கு வேண்டிய நூலைத் தேடிக் கொடுப்பதற்கெனப் பணியாளரைப் பழக்கினார். 1936ஆம் ஆண்டில் அந்நூலகம் சேப்பாக்கத்திற் கடற்கரையை நோக்கிய புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இருபது ஆண்டுக்காலம் ஓய்வு என்பதே அறியாது அவர் உழைத்தார். தம் திருமண நாளன்றும் பிற்பகலிற் பணிக்குத் திரும்பிவிட்டார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.

இந்த அனுபவத்திலிருந்தே 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகள் என்னும் நூல் பிறந்தது. அவ்விதிகளின் கருத்தை எமது சொற்களாற் கூறுவோம்.

நூல்கள் பயன்பாட்டுக்காகவே உள்ளன என்பது முதலாவது. இது யாவரும் அறிந்ததுதானே என்று தோன்றலாம். மத்திய காலத்து ஐரோப்பாவிலே நூல்களைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்தனர். எமது நாட்டிலோ ஏடுகளைப் பட்டிலே பொதிந்து வைத்து, நவராத்திரிக்கு மாத்திரம் எடுத்துப் பூசித்து, மீண்டும் கட்டி வைத்த இல்லங்கள் பல. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பிக்கப் புகுந்த காலத்தில், செல்லரித்து, தொட்ட இடத்தில் ஒடிந்த ஏடுகளைக் கண்டு உள்ளம் நைந்தனர். கைபடாத ஏட்டைக் கறையான் உண்ணும். ஆகவே முதல் விதி எளிதிற் சொல்லக்கூடியதாயினும், எளிதிற் கைக்கொள்ளப்படுவதன்று.

ஒவ்வொரு வாசகருக்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. இங்கே உயிரான சொல் 'ஒவ்வொரு' என்பதாம். ஆடவரோடு பெண்டிரும், நகரத்தாரோடு நாட்டுப்புறத்தாரும், கண்ணுடையாரோடு கண்ணிழந்தாரும், நோயாளரும், சிறையிலிருப்பாரும், கடலிற் செல்லும் மாலுமிகளும் அச்சொல்லினுள் அடங்குவர் என இரங்கநாதன் விரித்துக் காட்டினார். கல்வி சிலர்க்கு மட்டுமே உரிய சொத்தாகக் கருதப்பட்ட காலத்தில் இது சிறிய பேச்சன்று.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடிக் கொடுத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓர் உயிர்ப்பொருள் என்பது ஐந்தாவது. வளர்ச்சி நின்ற நூலகம் பண்டகசாலையாகிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விதிகளுள் எதிலேனும் கட்டடத்தைப் பற்றிய பேச்சு உண்டோ என நோக்குக. முதல் நான்கும் நூலையும் வாசகரையும் ஒன்றுசேர்ப்பதையே பேசுகின்றன. அவ்விருவரையும் சேர்த்து வைப்பவரே நூலகர்.

சட்டத்துக்காகப் பதினெட்டு ஆண்டு

தம் நூலகத்தைச் சீர்செய்ததோடு அவர் அமைந்துவிட்டிருந்தால் நல்ல நூலகர் ஒருவர் என்ற பெயரோடு மறைந்திருப்பர். பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வர இயலாத கோடிக்கணக்கான மக்களை இரண்டாம் விதி அவருக்கு நினைவூட்டிக்கொண்டேயிருந்தது. ஆதலின், 1928ஆம் ஆண்டிற் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்குக் காரணராயிருந்து, அதன் செயலாளராகப் பல்லாண்டு உழைத்தார். நூலகர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார், ஊர்தோறுஞ் சென்று பேசினார், ஓயாது எழுதினார். நாத்தடுமாறிய இளைஞர், நாடெங்கும் கேட்கும் குரலாயினார்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்று நம் உள்ளத்தை மிகவும் கவர்வதாகும். 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மன்னார்குடிப் பகுதியில் நூல்களை ஏற்றிய மாட்டுவண்டியொன்று கிராமங்களை நோக்கிப் புறப்பட்டது. அதனை அமைத்தவர் எஸ். வி. கனகசபைப்பிள்ளை என்னும் பொறியியலாளர். நூல் தேடி வர இயலாதவனை நூலே தேடிச் சென்றது. விதிகள் நூலாக வெளிவந்த அதே ஆண்டில் அவை சக்கரம் பூட்டிக்கொண்டு வயல்வெளியிற் சென்றன எனலாம்.

எனினும், தனியார் முயற்சி நிலையாது என்பதை இரங்கநாதன் நன்கு உணர்ந்தார். இதனை விளக்க நாம் தமிழ்நாடு செல்ல வேண்டுவதில்லை. எமது கிராமங்களில் இளைஞர் சிலர் கூடி வாசிகசாலை தொடங்குவர். திறப்பு விழாவிற் பெரியோர் பேசுவர். இரண்டாண்டு பத்திரிகைகள் ஒழுங்காக வரும். பின்பு செயலாளருக்குக் கொழும்பில் உத்தியோகங் கிடைக்கும், பொருளாளருக்கு விவாகமாகும், வாசிகசாலைக் கதவுக்குப் பூட்டு விழும். ஒருவரின் ஆர்வத்தில் நிற்பது அவரோடு போய்விடும். சட்டத்தில் நிற்பது தலைமுறைகளைத் தாண்டும். ஆகவே நூலகத்துக்குச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தில் வருவாய்க்கு வழி வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

1930ஆம் ஆண்டிற் காசி நகரில் நடைபெற்ற அகில ஆசியக் கல்வி மாநாட்டிலே மாதிரி நூலகச் சட்டமொன்றை அவர் சமர்ப்பித்தார். 1933ஆம் ஆண்டிற் பசீர் அகமது சையது அவர்கள் வாயிலாகச் சென்னைச் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது, அது நிறைவேறவில்லை. எழுத்தறிவே பரவாத நாட்டில் நூலகம் எதற்கு? வறிய மக்கள்மேல் இன்னும் ஒரு வரியா? இவை அக்காலத்தில் எழக்கூடிய எதிர்வாதங்கள். எழுதப் படிக்கக் கற்றவன் வாசிப்பதற்கு நூல் இல்லாவிடிற் கற்றதை மறந்துவிடுவான். பாடசாலைக்குச் செலவிட்ட பணமும் வீணாகும் என்பதே இவற்றுக்கேற்ற விடையாகும். ஒரு முறை மறுக்கப்பட்டவுடன் அவர் கோபித்து ஒதுங்கவில்லை. மசோதாவைத் திருத்தினார், மீண்டும் எழுதினார், ஏற்ற காலம் வரும்வரை காத்திருந்தார்.

இந்தியா சுதந்திரம் பெற்றபின் அக்காலம் வந்தது. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அவர்களின் முயற்சியாற் சென்னைப் பொதுநூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டில் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் முதலாவது இதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, மாகாணத்துக்கு ஒரு மத்திய நூலகம், யாவற்றையும் மேற்பார்வை செய்யப் பொதுநூலகப் பணிப்பாளர் ஒருவர் என்ற அமைப்பு அதனால் உண்டாயிற்று. சொத்து வரியில் அல்லது வீட்டு வரியில் ரூபா ஒன்றுக்கு 6 பை வீதம் நூலக வரி விதிக்கப்பட்டது.

இத்தொகை எவ்வளவென மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. அக்காலத்தில் 12 பை ஓர் அணா. 16 அணா ஒரு ரூபா. எனவே 6 பை அரை அணா, அஃதாவது ரூபாவில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஆண்டுக்குப் பத்து ரூபா வீட்டு வரி செலுத்துபவர் நூலகத்துக்கு ஐந்து அணா கொடுத்தார். இவ்வாறு துளித்துளியாகச் சேர்ந்த வருவாயினாற் கிளை நூலகங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. ஆந்திரம், மைசூர், மகாராட்டிரம் முதலிய மாநிலங்களும் பின்னர் நூலகச் சட்டம் இயற்றின.

மாதிரிச் சட்டத்திலிருந்து உண்மைச் சட்டம் வரை சென்ற காலம் பதினெட்டு ஆண்டு. சட்டம் வந்தபோது இரங்கநாதன் சென்னையில் இல்லை. சென்னையை விட்டுச் சென்று, காசி இந்து பல்கலைக்கழகத்தில் இலட்சம் அளவிலான நூல்களைத் தம் கையாலேயே வகைப்படுத்தி, அதன்பின் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகக் கல்வி கற்பித்துக்கொண்டிருந்தார். தம் முயற்சியால் உண்டான பணிப்பாளர் பதவியில் அவர் ஒருநாளேனும் அமர்ந்தாரல்லர். மரம் நட்டவர் நிழலில் இளைப்பாறவில்லை. ஆயினும் அதுபற்றி அவர் ஓய்ந்திருக்கவுமில்லை.

ஈழத்துத் தொடர்பு

இரங்கநாதனின் புகழ் பாக்கு நீரிணையைக் கடந்து எமது நாட்டையும் எட்டியது. யாழ்ப்பாணத்தில் 1933ஆம் ஆண்டில் அச்சுவேலியைச் சேர்ந்த கே. எம். செல்லப்பா என்னும் அன்பர், இலவசத் தமிழ் நூலகம் ஒன்று அமைதல் வேண்டுமெனப் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்து, தம் இல்லத்திலேயே நூல் வழங்கும் பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகையறையொன்றில் அது பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. அதன்பின் நகரசபையின் பொறுப்பில் வந்தது. ஒரு தனி மனிதரின் வீட்டில் முளைத்தது நகரத்தின் உடைமையாயிற்று.

1950களின் தொடக்கத்தில் நிலையான கட்டடம் அமைக்க முயன்ற காலை, நூலகக் குழுவினர் ஆலோசனை நாடிய பேரறிஞர் இரங்கநாதன் அவர்களே. சென்னை அரசாங்கக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் அவர்கள் திராவிடச் சிற்பமுறை தழுவிய அழகிய வரைபடத்தை அமைத்தார். அர்ச். பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளார் இம்முயற்சிக்குப் பெருந்துணையாய் நின்றார். 1959ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அக்கட்டடம் திறந்து வைக்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்ததை எம்மவர் அறிவர். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் வைத்த தீயில், ஏறத்தாழ 97,000 நூல்களும், திரும்பப் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. எரியுங் காட்சியைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சி தாங்காது உயிர்நீத்தார். எமது ஆசிரியர்கள் இதனைக் கூறும்போது ஒன்றைத் தவறாது சொல்வர். தம் வீட்டில் இழந்த பொருளைப்பற்றி அவர்கள் அத்துணை துயருறவில்லை. மறுநாள் எடுக்கவிருந்த நூல், பாதி வாசித்துத் தட்டில் வைத்துவிட்டு வந்த நூல், இவற்றைப்பற்றியே பேசுவர். நாம் சிறுவராயிருந்தபோது அது விளங்கவில்லை. இன்று விளங்குகிறது. அந்நூல்கள் பயன்படுத்தப்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகர் இருந்தார். ஆதலாலேயே இழப்பு அத்துணைப் பெரிதாயிற்று. கறையான் உண்ட ஏட்டுக்கு அழுவார் இல்லை. வாசித்த நூலுக்கு ஊரே அழுதது. அவ்வாசகர் இருந்தமையினாலேயே மீண்டும் நூல் திரட்டப்பட்டது; இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்நூலகம் மீண்டும் எழுந்து இன்று வாசகர்க்குப் பயன்படுகின்றது.

எமக்குரிய பாடம்

இனி, முதலிற் கூறிய காரணத்துக்கு வருவோம்.

நாம் மாணவராய்ப் பயின்ற பாடசாலையொன்றில் நூலக அறை ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு பூட்டிய அலுமாரிகள் ஆறு அதில் நின்றன. திறப்பு ஓர் ஆசிரியரிடம் இருந்தது. அவர் நல்லவர், ஆனால் நூல் தொலைந்தாற் கணக்குக் காட்ட வேண்டியவர் அவரே. ஆதலால் அலுமாரி திறக்கப்படுவது அரிது. நாம் இடைவேளையிற் சென்று கண்ணாடியில் முகத்தை வைத்து நூல்களின் முதுகிலிருந்த பெயர்களை மாத்திரம் வாசித்து மீள்வோம். அலுமாரி ஒன்றில் நாவலர் பெருமானின் வசன நூல்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் பெயர்கள் எமக்கு மனனமாயின. அவற்றைக் கையிலெடுத்து வாசிக்கும் பேறோ, ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்த பின்னரே எமக்கு வாய்த்தது. அவ்வாசிரியரை நாம் குறைகூறவில்லை. நூல் தொலைந்தாற் கேள்வி கேட்ட அதிகாரிகள், நூல் வாசிக்கப்படாது கிடந்தாற் கேள்வி கேட்கவில்லை. குறை அங்கேயே உள்ளது.

இன்று எமது கல்லூரி இவ்விழாவைக் கொண்டாடுகின்றது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாழும் பழைய மாணவர்கள் தாம் கற்ற இடத்துக்கு நினைவுப் பொருளொன்று நல்க விழைகின்றனர். அவர்தம் அன்புக்கு யாம் தலைவணங்குகிறோம். கட்டடம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. கல்லிற் பெயர் பொறித்தலும் தவறன்று. ஆயினும் இரங்கநாதன் அவர்கள் தம் வாழ்நாட் சேமிப்பான இலட்ச ரூபாவை எதற்குக் கொடுத்தார் என்பதை நினைவுகூருமாறு வேண்டுகிறோம். தம் துணைவியார் பெயரால், சாரதா இரங்கநாதன் பேராசிரியர் பீடம் என்று, நூலக இயல் கற்பிக்கும் ஒருவரின் வேதனத்துக்காகவே அதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். நூலகத்தைப்பற்றி உலகில் எவரினும் மிகுதியாக அறிந்த அவர், தம் செல்வத்தை மனிதர் ஒருவரிடத்தில் முதலீடு செய்தார். அரசாங்கம் 1957ஆம் ஆண்டிற் பத்மசிறீ விருதும், 1965ஆம் ஆண்டில் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னுஞ் சிறப்பும் அவருக்கு அளித்தது. பெங்களூரில் 1962ஆம் ஆண்டில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைத் தோற்றுவித்து, 1972ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள் அந்நகரிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார்.

எமது வேண்டுகோள் இதுவே. நூலகத்துக்குப் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரை என்றும் வைத்திருக்கத்தக்க நிதியம் ஒன்றை அமைத்துத் தருக. வகுப்பு முடிந்தபின் மாலை ஆறு மணிவரையும், விடுமுறை நாட்களிலும் கதவு திறந்திருக்க வழிசெய்க. அலுமாரிகளின் பூட்டை அகற்றுவோம். ஆண்டில் பத்து நூல் தொலையுமாயின், அப்பத்து நூலுக்கும் வாசகர் கிடைத்தனர் என்று ஆறுதல் கொள்வோம். அடுத்த ஆண்டு புதிய பிரதிகள் வாங்குவோம். கல்லூரிக்கு வெளியேயுள்ள சிறுவருக்கும் வாரத்தில் ஒருநாளேனும் நூல் கொண்டு செல்லும் வண்டியொன்று அமையுமாயின், மன்னார்குடியில் 1931இற் புறப்பட்ட வண்டி எமது ஒழுங்கைகளுக்கும் வந்துசேர்ந்ததாகும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நூலகர் ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கும்போது, நீங்கள் செல்லாவிடின், 1924ஆம் ஆண்டிற் சென்னை மண்டபத்தில் இரங்கநாதன் அடைந்த தனிமையையே அவருக்கும் அளித்தவர்களாவீர்கள். கிணறு உண்டு, துலா மிதிக்க ஆளும் வருவார். வாய்க்கால்வழி வரும் நீரை ஏற்கும் பாத்தியாக இருத்தல் உங்கள் கடன். இவ்வாரத்தில் நூல் ஒன்றேனும் எடுத்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் அடுத்தவருக்காக அதனைத் திருப்பிக் கொடுங்கள்.